கழுத்தில் ஒரு கேடயம்

உங்கள் இரண்டு விரல்களைத் தொண்டையின் முன்புறத்தில், குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். விரலடியில் ஏதோ ஒன்று மேலே ஏறிக் கீழே இறங்குவதை உணர்வீர்கள். அந்த இடத்தில்தான், மூச்சுக்குழலை இருபுறமும் தழுவியபடி, தைராய்டு சுரப்பி அமைந்திருக்கிறது. கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அதனால் தமிழில் இதைக் கேடயச் சுரப்பி என்றும் கூறுவர். பார்ப்பதற்கு என்னவோ கேடயத்தைவிடச் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைத்தான் அது நினைவூட்டுகிறது. அதன் எடை ஏறத்தாழ 20 கிராம்.

உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஒரு குழாய் உண்டு. அதன் வழியே உமிழ்நீர் வாய்க்கு வந்து சேர்கிறது. தைராய்டுக்கு அப்படி ஒரு குழாய் கிடையாது. தான் சுரப்பதை நேரே குருதியில் கலந்துவிடுகிறது. பிட்யூட்டரி, அட்ரினல், கணையத்திலுள்ள சிறு திட்டுகள் ஆகியவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. இவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்கிறோம். இவை குருதியில் விடும் பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்ற பெயரை 1905-ஆம் ஆண்டில் வழங்கியவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங்.

ஆனால், தைராய்டின் வேலை என்ன என்பது அந்தப் பெயர் பிறப்பதற்கு முன்பே வெளிப்பட்டுவிட்டது. அது வெளிப்பட்ட விதம் துயரமானது.

சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிகளில் கழுத்துக் கழலை அக்காலத்தில் மிகச் சாதாரணம். கழலை பெருத்து மூச்சுக்குழலை நெரிக்கும்போது அறுவை செய்வதைத் தவிர வேறு வழியில்லை. பெர்ன் நகரின் அறுவை மருத்துவர் தியோடர் கோகர் இதில் இணையற்ற கைத்திறம் பெற்றவர். 1874-இல் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் தைராய்டை அவர் முழுவதுமாக அகற்றினார். காயம் ஆறியது, சிறுமி வீடு திரும்பினாள். அறுவை வெற்றி என்றே எல்லாரும் எண்ணினர்.

சில ஆண்டுகள் சென்றபின், இத்தகைய நோயாளிகள் மந்தமாகிவிடுகிறார்கள் என்று ஜெனீவாவைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் சொல்லக் கேட்டு, கோகர் தம் பழைய நோயாளிகளை வரவழைத்துப் பார்த்தார். அந்தப் பெண்ணும் வந்தாள். முகம் உப்பி, பேச்சும் நடையும் மந்தமாகி, வளர்ச்சி நின்று போயிருந்தாள். முன்பு அவளைப் போலவே தோற்றமளித்த தங்கையோ அவளைவிட வெகு உயரமாக வளர்ந்திருந்தாள். முழுச் சுரப்பியையும் இழந்து, மறு ஆய்வுக்கு வந்த 18 பேரில் இருவரைத் தவிர மற்றவர்களிடம் இதே சீர்கேடு காணப்பட்டது. கோகர் இதை மறைக்கவில்லை. 1883-இல் சக மருத்துவர்களின் அவையிலேயே அறிவித்தார். கழலைக்காக முழுச் சுரப்பியையும் எடுப்பதைக் கைவிட்டார். 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய அறுவைத் திறனைக் காட்டிலும், தம் தவற்றைத் தாமே தேடிச் சென்று கண்டதுதான் பெரிதென்று எனக்குத் தோன்றுகிறது.

இழந்ததைத் திருப்பித் தர முடியுமா? 1891-இல் இங்கிலாந்தின் மருத்துவர் ஜார்ஜ் மரே, ஆட்டின் தைராய்டிலிருந்து பிழிந்த சாற்றை, சுரப்புக் குறைவால் வாடிய 46 வயதுப் பெண்மணிக்கு ஊசி மூலம் செலுத்தினார். அவர் தேறினார், தொடர்ந்து மருந்து உட்கொண்டு மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். தைராய்டில் அயோடின் இருப்பதை 1895-இல் ஜெர்மானிய வேதியியலார் பௌமன் கண்டார். 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவில் கெண்டல் என்பார் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. திசுக்களை அடைந்ததும் அவற்றுள் ஒன்று கழன்று, மூன்று அணுக்கள் கொண்ட, இன்னும் வீரியமான வடிவமாக அது மாறுகிறது.

உடலின் உயிரணுக்கள் எந்த வேகத்தில் உணவை எரித்து ஆற்றலாக்க வேண்டும் என்பதை இந்த ஹார்மோன்தான் நிர்ணயிக்கிறது. குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, உடல் பருத்தல், மலச்சிக்கல். மிகுந்தால் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், எவ்வளவு உண்டாலும் இளைத்தல்.

அளவை யார் கண்காணிக்கிறார்கள்? ஏரி மடையில் நிற்கும் நீர்க்கட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். வயலில் நீர் குறைந்தால் மடையைத் திறப்பார், நிறைந்தால் அடைப்பார். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி அப்படிப்பட்டது. குருதியில் தைராக்சின் குறைந்தால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் ஒன்றை அனுப்புகிறது. போதிய அளவு சேர்ந்ததும் அதைக் குறைத்துக்கொள்கிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'டி.எஸ்.எச்.' என்று பார்த்திருப்பீர்களே, அது இந்தத் தூண்டு ஹார்மோன்தான். தைராய்டு சோர்ந்தவரிடம் அந்த எண் ஏறியிருப்பது ஏன் என்று இப்போது விளங்கும்.

ஏரியிலேயே நீர் இல்லாவிட்டால் மடையைத் திறந்து என்ன பயன்? உணவில் அயோடின் இல்லாதபோது நேர்வது இதுதான். பிட்யூட்டரி தூண்டிக்கொண்டே இருக்கிறது. தைராய்டோ மூலப்பொருளின்றிப் பருத்துக்கொண்டே போகிறது. கழுத்துக் கழலை என்பது பெரும்பாலும் இந்த வீண் உழைப்பின் வீக்கமே.

நமக்கு நாள்தோறும் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். அதாவது ஒரு மில்லிகிராமில் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் மழையும் பனியாறுகளும் வெள்ளமும் அரித்த மண்ணில் இதுவும் மிஞ்சுவதில்லை. இமயத்தின் அடிவாரம் அப்படிப்பட்ட நிலம். நோய்க்குறியியல் அறிஞர் வி. இராமலிங்கசாமியும் குழுவினரும் 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். அங்குப் பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குக் கழலை இருந்தது. பள்ளத்தாக்கை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தார்கள். இரண்டில் அயோடின் கலந்த உப்பும், ஒன்றில் வெறும் உப்பும் வழங்கப்பட்டன. 1962-இல் மீண்டும் பார்த்தபோது, அயோடின் உப்பு உண்ட இரு வட்டாரங்களிலும் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது, மூன்றாவதில் குறையவில்லை. பிறகு அங்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டு, கழலை குறைந்தது. அந்த மூன்றாம் வட்டாரத்துப் பிள்ளைகள் காத்திருந்த ஆண்டுகளை நினைத்தால் மனம் உறுத்தத்தான் செய்கிறது. எனினும் அந்த ஒப்பீடு இல்லாமல் ஐயத்துக்கு இடமில்லாத சான்று கிடைத்திருக்காது. அதே 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது.

கடல் பக்கத்தில் இருக்கும் நமக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்கிறீர்களா? கடல் மீனில் அயோடின் உண்டு. கடலுப்பிலோ மிக அற்பம். தூத்துக்குடி உப்பளங்களைக் கொண்ட தமிழ்நாடு, 2018-19-இல் நடந்த தேசிய ஆய்வில் மாநிலங்களுள் கடைசி இடத்தில் இருந்தது. போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் இங்குச் சுமார் 62 விழுக்காடுதான். போதிய அளவு என்பது கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிராம் உப்பில் எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். முன்பு சொன்ன அந்த 150 மைக்ரோகிராம்தான் விடை. ஈரம் படும்படி திறந்து வைத்தால் அதிலும் ஒரு பகுதி போய்விடும். மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள்.

கழலை கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இழப்புத்தான் பெரிது. கருவிலும் பிறந்த முதல் ஆண்டுகளிலும் மூளை வளரத் தைராய்டு ஹார்மோன் இன்றியமையாதது. தொடக்க மாதங்களில் கரு தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. அதனால் கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். அயோடின் கிடைத்தும், பிறவியிலேயே சுரப்பி சரியாக அமையாத குழந்தைகளும் உண்டு. உலகில் 2000 முதல் 4000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது நெடுங்காலக் கணக்கு. அந்தக் குழந்தை பிறந்தவுடன் மற்றக் குழந்தைகளைப் போலவே தோன்றும். அறிகுறிகள் தெரிவதற்குள் மூளை பாதிக்கப்பட்டுவிடலாம். பிறந்த சில நாள்களில் குதிகாலில் குத்தி, இரண்டொரு துளி இரத்தத்தை வடிதாளில் எடுத்துச் சோதித்தால் போதும், குறை தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து புகட்டத் தொடங்கினால், பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள். இந்தச் சோதனை எல்லா மருத்துவமனைகளிலும் தாமாகச் செய்யப்படுவதில்லை. உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் கேட்டு வாங்குங்கள்.