முயல் கல்யாணமும் தனி அலமாரியும்

ஒரு கறுப்பு முயல். ஒரு வெள்ளை முயல். இரண்டும் காட்டில் ஓடிப் பிடித்து விளையாடுகின்றன. நடு நடுவே கறுப்பு முயல் யோசனையோடு உட்கார்ந்து விடுகிறது. என்ன என்று வெள்ளை முயல் விசாரிக்கிறது. எப்போதும் உன்னோடேயே இருக்க வேண்டும் என்று ஆசையாயிருக்கிறது என்று பதில் வருகிறது. அப்புறம் என்ன? காதில் பூவைச் செருகிக் கொண்டு, நிலா வெளிச்சத்தில் கல்யாணம்! காட்டு மிருகங்களெல்லாம் சுற்றி நின்று கும்மாளம் போடுகின்றன. கதை அவ்வளவுதான். குழந்தைக்குப் பருப்புஞ் சாதம் ஊட்டி முடிப்பதற்குள் சொல்லி விடலாம்.

இந்தக் கதை ஒரு ராஜ்யத்தின் அரசியல்வாதிகளைக் கொதித்தெழச் செய்தது என்றால் நம்புவீர்களா?

'முயல்களின் கல்யாணம்' என்ற அந்தப் படப் புத்தகம் 1958-ல் அமெரிக்காவில் வெளியாயிற்று. எழுதிப் படம் போட்டவர் கார்த் வில்லியம்ஸ். சிலந்தியும் பன்றிக்குட்டியும் சிநேகமாயிருக்கும் 'சார்லட்டின் வலை' என்ற கதைக்குச் சித்திரம் வரைந்தாரே, அவரேதான். மறு வருஷம், 1959-ல், தென் பகுதியிலுள்ள அலபாமா ராஜ்யத்தில் புயல் கிளம்பியது. அங்கே அப்போது கறுப்பரும் வெள்ளையரும் மணம் செய்து கொள்வது சட்டப்படி குற்றம். (அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் செல்லாது என்று சொன்னது 1967-ல்தான்.) ஆகவே கறுப்பு முயல் வெள்ளை முயலைக் கைப்பிடித்ததும் சிலருக்கு இரத்தக் கொதிப்பு ஏறி விட்டது. எடின்ஸ் என்ற ராஜ்ய செனட்டர், நூல் நிலையங்களிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொளுத்த வேண்டும் என்றார்.

கார்த் வில்லியம்ஸ் சிரித்துக் கொண்டே பதில் சொல்லியிருக்க வேண்டும். இது பெரியவர்களுக்காக எழுதியதல்ல, மெத்தென்ற ரோமமுள்ள பிராணிகளின் அன்பைப் பற்றியது, இதில் ஒளித்து வைத்த செய்தி ஒன்றும் இல்லை, குழந்தைகளுக்கு இது புரியும் என்ற பொருளில் அவர் பேசினார்.

அலபாமா ராஜ்ய நூல் நிலையச் சேவையின் தலைவியாக அப்போது இருந்தவர் எமிலி வீலாக் ரீட் என்ற அம்மாள். புத்தகத்தைப் பார்த்தார், ஆட்சேபத்துக்குரியது எதையும் காணவில்லை. ஒழித்துக் கட்ட மறுத்து விட்டார். அவருடைய இலாகாவுக்குப் பணம் ஒதுக்க வேண்டியவர்கள் அந்தச் சட்டசபைக்காரர்களே என்பதை நினைத்துப் பாருங்கள்! பிறகு அவர் அனுப்பிய சிறந்த நூல்களின் பட்டியல் ஒன்றில் மார்ட்டின் லூதர் கிங்கின் புத்தகமும் இருந்தது. எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. 1960-ல் ரீட் அம்மாள் அலபாமாவை விட்டு வாஷிங்டனில் வேறு வேலைக்குப் போய் விட்டார்.

அவரை வீராங்கனை என்று இன்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் என் மனம் வேறோரிடத்தில் நிற்கிறது. ரீட் அம்மாள் புத்தகத்தை எரிக்கவில்லை. பொது அலமாரியிலிருந்து எடுத்துத் தனி அலமாரியில் வைத்தார். ஊர் நூல் நிலையங்கள் கேட்டால் கொடுக்கலாம் என்று ஏற்பாடு. அந்தக் காலத்தில், அந்த ஊரில், அதற்கு மேல் செய்ய யாருக்குத் துணிவு வந்திருக்கும்? ஆனாலும், சகோதரிகளே, குழந்தை எப்படிப் புத்தகம் எடுக்கிறது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டியலைப் பார்த்தா எடுக்கிறது? தரையில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை இழுத்து, அட்டைப் படத்தைப் பார்த்து, பிடிக்காவிட்டால் அப்படியே போட்டு விட்டு அடுத்ததை இழுக்கிறது. இருப்பதே தெரியாத ஒன்றை அது எப்படிக் 'கேட்டு' வாங்கும்?

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நான்ஸி லாரிக் என்ற கல்வியாளர் 1965-ல் ஒரு கணக்கு எடுத்தார். 1962 முதல் 1964 வரை மூன்று வருஷங்களில் அமெரிக்காவில் வந்த 5,206 குழந்தைப் புத்தகங்களில் ஒரு கறுப்பு முகமாவது தென்பட்டவை 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழு கூட இல்லை. அவற்றிலும் பாதிக்கு மேல் வேறு தேசத்துக் கதைகள் அல்லது பழங்காலக் கதைகள். புத்தகத்தில் வரும் குழந்தைகள் ஏன் எப்போதும் வெள்ளையாகவே இருக்கிறார்கள் என்று ஐந்து வயதுக் கறுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டதைச் சொல்லித்தான் அவர் தம் கட்டுரையையே ஆரம்பித்தார்.

நல்ல வேளையாக, 1962-ல் எஸ்ரா ஜாக் கீட்ஸ் 'பனி நாள்' என்ற புத்தகத்தைப் போட்டிருந்தார். சிவப்பு அங்கி போட்ட பீட்டர் என்ற கறுப்புப் பையன் பனியில் விளையாடுகிறான். வேறொன்றுமே நடக்கவில்லை! ஒரு பத்திரிகையில் வந்த கறுப்புச் சிறுவனின் படங்களைக் கத்தரித்து, ஏறக்குறைய இருபது வருஷம் பத்திரப்படுத்தி வைத்திருந்தாராம் கீட்ஸ். 2020-ல் நியூயார்க் பொது நூல் நிலையம் தன் சரித்திரத்திலேயே அதிக முறை இரவல் போன புத்தகம் எது என்று பார்த்தது. 'பனி நாள்'தான்; 4,85,583 தடவை.

அலபாமாவின் தனி அலமாரி பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2023-ல் ஃப்ளாரிடாவில், மயாமி லேக்ஸ் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கறுப்பு இனக் கவிஞர் அமாண்டா கோர்மன் 2021-ல் ஜனாதிபதி பதவியேற்பின்போது வாசித்த கவிதையின் புத்தகத்தைச் சிறு வகுப்புப் பகுதியிலிருந்து பெரிய வகுப்புப் பகுதிக்கு மாற்றினார்கள். ஆட்சேபித்தவர் ஒரே ஒரு தாயார். மனுவில் ஆசிரியர் பெயர் ஓப்ரா வின்ஃப்ரே என்று எழுதியிருந்தது. அவரோ முன்னுரை மட்டும் எழுதியவர்! தடை செய்யவில்லை, இடம் மாற்றினோம் என்பது அதிகாரிகளின் சமாதானம்.

என் குழந்தை எதைப் படிக்கலாம் என்று நான் தீர்மானிக்கக் கூடாதா என்று எந்தத் தாயும் கேட்கலாம். தாராளமாகத் தீர்மானிக்கலாம். நாமும் வீட்டில் செய்கிற காரியந்தானே? எட்டு வயதுக் குழந்தைக்குக் கொலைக் கதையை யார் கொடுப்பார்கள்? ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்து நாம் தீர்மானிப்பது வேறு விஷயம். இன்னொன்று: அமெரிக்க நூல் நிலையச் சங்கம் 2024-ல் பதிவு செய்த தடை முயற்சிகளில் பெற்றோர் கிளப்பியவை நூற்றுக்குப் பதினாறுதான். நூற்றுக்கு எழுபத்திரண்டு, அமைப்புகளும் அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் கிளப்பியவை. தாயின் பெயரைச் சொல்லி யார் யாரோ காரியம் பார்க்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. புத்தகங்களைத் தடை செய்யும் நூல் நிலையங்களுக்கு ராஜ்யத்தின் மானியம் கிடையாது என்று இல்லினாய் 2023-ல் சட்டமே செய்தது.

நம் வாசகிகள் பலருடைய பேரன் பேத்திகள் அங்கேதான் படிக்கிறார்கள். அவர்களுக்கும் பீட்டரைப் போல, தங்கள் நிறத்தில், தங்கள் வீட்டுப் பெயரோடு ஒரு பிள்ளை கதையில் வர வேண்டாமா? நாளைக்குப் பெண்ணோ மருமகளோ தொலைபேசியில், பள்ளிக்கூடத்தில் ஏதோ புத்தகத்துக்கு ஆட்சேபமாம், எங்களையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று சொன்னால், முதலில் அதை முழுக்கப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். படப் புத்தகமென்றால் பத்து நிமிஷ வேலை. பிறகு, புத்தகம் இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது என்று பள்ளியில் விசாரிக்கச் சொல்லுங்கள். கேட்டால் கொடுப்போம் என்று பதில் வந்தால், எந்த வயதுக் குழந்தை வந்து கேட்க வேண்டும் என்றும் கேட்டு வைக்கட்டும்.