அரை மில்லிமீட்டர் பிசகினாலும் இன்ஜின் இறங்கிவிடும்!

(நமது நிருபர்)

மும்பை மாதுங்காவில் வசிக்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவர், ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தம் வீட்டுக் கூடத்தில் லோகோ ஷெட் கட்டிக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டு மேஜைமீது அடங்கும் ஷெட்தான்! அமெரிக்காவிலுள்ள மகன் வாங்கி அனுப்பிய பிளாஸ்டிக் பாகங்கள். நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. எச்.ஓ. அளவு என்பார்கள்.

நீராவி இன்ஜின் காலத்தில் பல ஷெட்டுகள் வட்டமாகக் கட்டப்பட்டன. நடுவே இன்ஜினைத் திருப்பும் டர்ன்டேபிள். அங்கிருந்து பாதைகள் விசிறிபோல் பிரிந்து ஒவ்வோர் அறைக்குள்ளும் போகும். பால்டிமோரில் 1884இல் கட்டியதும், ஜப்பானின் கியோட்டோவில் 1914இல் கட்டியதும் இன்று ரயில் காட்சிசாலைகள். லண்டன் கேம்டனில் 1847இல் எழுந்த ஷெட்டுக்கு வேறு கதி. இன்ஜின்கள் நீண்டுகொண்டே போக, அறைகள் போதாமல் அது கிடங்காகிவிட்டது. ஆகவே பெரியவர் முதலில் அளந்தது சுவரையல்ல. தம்மிடமுள்ள இன்ஜின்களில் நீளமானதை.

பெட்டியைப் பிரித்ததும் சுவரை நிறுத்திப் பார்க்கத்தான் எவருக்கும் கை துறுதுறுக்கும். அங்கேதான் ஆபத்து. பிளாஸ்டிக் பசை ஒட்டினால் ஒட்டியதுதான், பிரித்தால் உடையும். இன்னொரு பெட்டி வரவழைக்கப் பென்ஷன் பணம் தாங்காது. தண்டவாளம் முதலில், சுவர் பிறகு, கூரை கடைசியில் என்பது அவர் கணக்கு.

டர்ன்டேபிளின் நடுப்புள்ளியில் குண்டூசி குத்தி, நூலைக் கட்டி, ஒவ்வோர் அறையின் பின்சுவர் நடுவரை இழுத்துக் கோடு போட்டிருக்கிறார். எல்லாப் பாதையும் அந்தப் புள்ளியை நோக்கியே இருக்கவேண்டும். பாதைக்குப் பாதை 10 டிகிரி. குழியின் குறுக்களவு 30 செ.மீ. என்றால், விளிம்பில் அடுத்தடுத்த பாதைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 26 மி.மீ. தான் கிடைக்கும். சிலீப்பர் கட்டையின் நீளமோ 30 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறும். விளிம்பருகே கட்டை நுனிகளை நறுக்கத்தான் வேண்டும்.

உள்ளே வேறு தொல்லை. இன்ஜினின் அடியைப் பார்க்கும் பள்ளத்தின் இரு கரைகளிலும் கட்டையில்லாத வெறும் தண்டவாளம் அமரவேண்டும். கடையில் கிடைப்பதில் ஒரு வகை 2.5 மி.மீ. உயரம், மற்றொன்று 2.1. வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமானால் வாசலில் படி விழும். தாழ்ந்த பக்கம் அட்டை வைத்து உயர்த்திச் சமன் செய்தார். மின்சாரக் கம்பியைத் தண்டவாளத்தில் பற்றவைப்பதும் முன்கூட்டியே. பொருத்தியபின் சூட்டுக்கோல் பட்டால் தரை உருகிவிடும். ஒவ்வொரு பாதைக்கும் தனி சுவிட்சு உண்டு. இல்லாவிட்டால் ஒன்றை ஓட்டும்போது உள்ளே நிற்பதும் புறப்பட்டுச் சுவரில் மோதும்!

பார்சல் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் எனக்கு ஒரு சந்தேகம். நமது அகலப் பாதை 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வருகிறதே, இது ஏன் 16.5? "தம்பி, இது 1435 மி.மீ. பாதை. அவங்க ஊர் ஷெட், அவங்க ஊர் அகலம்" என்றார் பெரியவர்.

மூன்று அறைகளில் தண்டவாளம் அமர்ந்துவிட்டது. இன்ஜினைக் கையால் மெல்லத் தள்ளி, மின்சாரத்தில் ஓட்டி, டர்ன்டேபிளைச் சுற்றி மறுமுனையிலிருந்தும் நுழைத்துப் பார்த்தார். இரண்டு வாசல்களில் தடங்கலில்லை. மூன்றாவதில் சக்கரம் லேசாகத் துள்ளுகிறது. கூரை இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.