சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா சொட்டு: எங்கே உதவும், எங்கே காலை வாரும்?

கொல்கத்தா சமையலில் கடலைப்பருப்புக் குழம்பிலும் ஒரு சிட்டிகை சர்க்கரை விழும். கசப்புக் காய்கறிகள் போட்ட சுக்தோவில் விழும். சாப்பாட்டின் கடைசியில் அப்பளத்தோடு வரும் தக்காளிச் சட்னியில் கை நிறையவே விழும். லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் நாக்குக்கும் இந்த ருசி பழகிவிட்டது. காலையில் ஃபில்டர் காபி, மாலையில் மிஷ்டி தோய் எனும் இனிப்புத் தயிர் என்று போகிறது பொழுது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. அதன்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் நிற்கிறார்கள். மருந்துக்கடையில் சின்ன பாட்டிலில் விற்கும் ஸ்டீவியா திரவம் அடுப்படி அலமாரிக்கு வந்து சேர்ந்ததற்கு இதுதான் காரணம். அதோடு பல சந்தேகங்களும் வந்திருக்கின்றன. அடிக்கடி கேட்கப்படுபவற்றை இங்கே பார்க்கலாம்.

ஸ்டீவியா மூலிகையா, ரசாயனமா?

செடியில் தொடங்கி ஆலையில் முடிகிற பொருள் இது. சீனித்துளசி என்று நர்சரிகளில் கிடைக்கும் செடிதான் மூலம். துளசிக்கும் அதற்கும் உறவில்லை, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. சொந்த ஊர் தென் அமெரிக்காவின் பராகுவே. அங்குள்ள குவாரனி பழங்குடியினர் அதன் இலையைத் தங்கள் பானத்தில் இனிப்புக்காகப் போட்டுவந்தார்கள். 1899-இல் மொய்சேஸ் பெர்டோனி என்ற தாவரவியலாளர் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1931-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவர் இலையிலுள்ள இனிப்புப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார்கள். 1970-களிலேயே ஜப்பானில் உணவுத் தொழில் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது.

பாட்டிலில் இருப்பது இலைச்சாறு அல்ல. இலையிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த ஸ்டீவியால் கிளைக்கோசைடுகள். சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பவை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் அனுமதி தந்ததும் இவற்றுக்குத்தான். வீட்டுத் தொட்டியில் வளர்த்த இலையை உலர்த்திப் பொடித்துத் தினமும் போடுவது வேறு சங்கதி. அதில் இனிப்பின் அளவு இலைக்கு இலை மாறும், சுத்திகரிப்பும் கிடையாது.

உடம்புக்குள் போய் என்ன ஆகிறது? தினமும் எவ்வளவு சாப்பிடலாம்?

இரைப்பையும் சிறுகுடலும் இதைச் செரிப்பதில்லை. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன. உடைந்து வரும் ஸ்டீவியால் கல்லீரல் வழியாகப் போய்ச் சிறுநீரில் வெளியேறிவிடும். ரத்தச் சர்க்கரையை அது ஏற்றுவதில்லை.

உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு உச்சவரம்பு ஒன்று வைத்திருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம், அதுவும் ஸ்டீவியால் கணக்கில். 60 கிலோ எடை உள்ளவர் சுமார் 140 கிராம் சர்க்கரையின் இனிப்புக்கு ஈடாக ஸ்டீவியா எடுத்தால்தான் அந்த வரம்பைத் தொடுவார். இரண்டு வேளை காபியும் ஒரு கிண்ணம் பாயசமும் அதன் பக்கத்தில்கூடப் போகாது.

கொதிக்க வைத்தால் கெட்டுப்போகுமா?

போகாது. சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். பால் காய்ச்சுவதோ குழம்பு கொதிப்பதோ அதை ஒன்றும் செய்யாது. புளிப்பும் கெடுக்காது என்பதால் மாங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி இரண்டிலும் தைரியமாக விடலாம். ஆனால் சட்னிக்கு அந்தப் பளபளப்பையும் குழைவையும் தருவது சர்க்கரைப் பாகு. சொட்டு விட்ட சட்னி தண்ணீராகவே நிற்கும். இரண்டு பேரீச்சம்பழத்தை மசித்துச் சேர்த்தால் ஓரளவு சரியாகும். அதில் சர்க்கரை இருக்கிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை சொட்டு விடுவது? கசக்கிறதே?

இரண்டுக்கும் ஒரே பதில்தான்: கூடிப்போனால் கசக்கும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு அடர்த்தியில் தயாரிப்பதால் பக்கத்து வீட்டு அளவு உங்கள் பாட்டிலுக்குப் பொருந்தாது. ஒரு டீஸ்பூன் சர்க்கரைக்கு எத்தனை சொட்டு என்று லேபிளில் போட்டிருப்பதில் பாதியிலிருந்து தொடங்குங்கள். அடுப்பை அணைத்த பிறகு விட்டுக் கலக்கி, ஒரு நிமிடம் பொறுத்து ருசி பாருங்கள். இந்த இனிப்பு நாக்கில் தாமதமாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். உடனே ருசி பார்த்துவிட்டுப் போதவில்லையென்று மறுபடி விடுகிறவர்களுக்குத்தான் அதிமதுரம் மென்ற மாதிரி ஒரு கசப்பு தொண்டையில் தங்குகிறது. ஏலக்காய், சுக்கு, உப்பு ஒரு கல், கொஞ்சம் எலுமிச்சை என்று எது பொருந்துமோ அதைச் சேர்த்தால் கசப்பு அடங்கும். பால் கெட்டியாக இருந்தாலும் அடங்கும்.

பருப்புக்கும் சுக்தோவுக்கும் சொட்டே தேவையில்லை என்பது என் கருத்து. சிட்டிகை சர்க்கரையை நிறுத்திவிட்டு ஒரு வாரம் சாப்பிட்டுப் பாருங்கள், நாக்கு பழகிவிடும்.

ரசகுல்லா, சந்தேஷ் எல்லாம் வீட்டில் ஸ்டீவியாவில் செய்ய வருமா?

சிலது வரும், சிலது வரவே வராது. சர்க்கரை இனிப்பைத் தருவதோடு பாகாகும், ஒட்டும், சிவக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், கெடாமல் காக்கும். ஸ்டீவியாவால் முடிந்தது இனிப்பு மட்டும். ஆகவே ஒவ்வொரு பலகாரத்திலும் சர்க்கரை என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

பாக்பஜாரில் நோபின் சந்திர தாஸ் 1868-இல் செய்து புகழ்பெற்ற ரசகுல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் புவிசார் குறியீடும் வாங்கிய பலகாரம் அது. பாலைத் திரித்து எடுத்த சானாவை உருட்டிக் கொதிக்கும் மெல்லிய பாகில் போடுகிறார்கள். உருண்டை உடையாமல் உப்பி வருவதற்கு அந்தப் பாகின் அடர்த்தி வேண்டும். சொட்டு விட்ட தண்ணீரில் அடர்த்தி ஏது? உருண்டை கரையும், இல்லாவிட்டால் கட்டியாகவே கிடக்கும். வீட்டில் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

சானாவைப் பிசைந்து செய்யும் சந்தேஷில் இரண்டு வகை. கடா பாக் எனப்படும் கெட்டி வகை சர்க்கரையால்தான் இறுகி நிற்கிறது, அதுவும் ஸ்டீவியாவுக்கு ஆகாது. நரம் பாக் எனப்படும் மென்மையான வகை அழகாக வரும். சானாவை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, மணல் மாதிரி நெருடுவது நின்று கையில் லேசாக நெய் படியும்வரை பிசைய வேண்டும். பிறகு அடிகனமான வாணலியில் சிறுதீயில் கிளறுங்கள். ஓரம் விட்டு ஒன்றாகத் திரண்டதும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் சொட்டும் ஏலப்பொடியும் சேர்த்து மறுபடி பிசைந்து அச்சில் போடுங்கள். காக்கும் சர்க்கரை இல்லை என்பதால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடுத்த நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

மிஷ்டி தோயும் வரும். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் போதும், வெளியே இருந்து சர்க்கரை தேவையில்லை. பாலை நன்றாகச் சுண்டவைத்து, சொட்டு விட்டு, உறை ஊற்றி மண்சட்டியில் வையுங்கள். சட்டி ஈரத்தை உறிஞ்சித் தயிரை இறுக்கும். அந்தச் செம்பழுப்பு நிறம் மட்டும் கருக்கிய சர்க்கரை இல்லாமல் வராது.

தேங்காய்த் துருவலை வெல்லப் பாகில் கிளறிப் பிடிக்கும் நார்கேல் நாரு விஜயதசமிக்குப் பிறகு வீடுவீடாகத் தட்டில் வரும். நம் பொருள்விளங்கா உருண்டை, கடலை மிட்டாய் போல அதுவும் பாகு பிடித்து நிற்கிற பண்டம். ஸ்டீவியாவில் செய்தால் உதிர்ந்துவிடும். ஜாம், முரப்பா, மைசூர்பாகு எல்லாம் இதே கணக்கில் சேரும்.

நோலேன் குர் இயற்கையானதுதானே? வங்காளப் பாயசமான பாயேஷில் சர்க்கரைக்குப் பதில் அதையே போட்டால் என்ன?

குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவி, இரவெல்லாம் சொட்டிய பதநீரை விடியலில் இறக்கிக் காய்ச்சும் வெல்லம் அது. மரமேறும் ஷியுலிகளின் கடும் உழைப்பில் கிடைக்கிறது. அந்த வாசனைக்கு ஈடாக எந்த பாட்டிலும் இல்லை என்று மனப்பூர்வமாகச் சொல்வேன். ஆனால் ஈச்ச வெல்லமோ கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ, பெரும்பகுதி சுக்ரோஸ்தான். ரத்தத்தில் ஏறும்போது அது இயற்கையா செயற்கையா என்று உடம்பு பார்ப்பதில்லை. சர்க்கரை நோயாளிக்கு வெல்லம் நல்லது என்கிற நம்பிக்கை கொல்கத்தாவிலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. இரண்டு இடத்திலும் தவறுதான்.

கோபிந்தோபோக் அரிசிப் பாயேஷுக்கு ஒரு வழி: இனிப்பின் பெரும்பங்கைச் சொட்டுகளுக்கு விட்டுவிடுங்கள். அடுப்பை அணைத்துச் சற்று ஆறியபின் வாசனைக்காக ஒரு ஸ்பூன் நோலேன் குர் சேருங்கள். கொதிக்கும்போது சேர்த்தால் பால் திரியும். சர்க்கரைப் பொங்கலுக்கும் இதே முறை சரிப்படும்.

சர்க்கரை சேர்க்காத சந்தேஷ் என்றால் எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

கூடாது. சானாவில் கொழுப்பு இருக்கிறது, கலோரி இருக்கிறது. பாயேஷில் அரிசி மாவுச்சத்து இருக்கிறது, பாலிலும் சர்க்கரை உண்டு. சர்க்கரை போடவில்லை என்ற தைரியத்தில் ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

உலக சுகாதார அமைப்பே வேண்டாம் என்றதாமே?

2023 மே மாதம் வந்த அந்த வழிகாட்டுதல் சொன்னது வேறு. உடல் எடையைக் குறைக்கவோ, வாழ்க்கைமுறை நோய்கள் வராமல் தடுக்கவோ சர்க்கரையற்ற இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றது; ஸ்டீவியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. நீண்ட காலப் பலன் தென்படவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே சர்க்கரை நோய் உள்ள அப்பா காபியில் இரண்டு சொட்டு விட்டுக்கொள்வது நியாயம். நோயில்லாத பிள்ளைகளுக்குப் பாலில் ஸ்டீவியா விட்டுக் கொடுப்பதில் அர்த்தமில்லை. இனிப்புக் குறைவான பாலுக்கே அவர்களைப் பழக்கலாம்.

எப்போதுமே சர்க்கரைக்கு மாற்றாக விடலாமா?

இரண்டு சமயங்களில் விடவே கூடாது. இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாவது, தாழ்சர்க்கரை. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். அப்போது அவருக்கு வேண்டியது நிஜச் சர்க்கரை. நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பதற்றத்தில் ஸ்டீவியா கலந்த ஜூஸைக் கொடுத்தால் இனிப்பு நாக்கோடு நின்றுவிடும், ரத்தத்துக்குப் போகாது. சர்க்கரை நோயாளி இருக்கும் வீடு என்பதற்காகச் சர்க்கரை டப்பாவையே ஒழித்துவிடாதீர்கள்.

இரண்டாவது, வயிற்றுப்போக்கு. இதைச் சொல்லக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர பொன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ரத்தநாளத்தில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. கொல்கத்தாவிலிருந்து போன டாக்டர் திலீப் மஹலனாபிஸ், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, டிரம்மில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கவைக்கச் சொன்னார். முகாமில் 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2022-இல் அவர் காலமானார், மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அந்தக் கரைசலில் குளுக்கோஸ் இருப்பது ருசிக்காக அல்ல. குடல் சுவரைக் கடக்கும்போது குளுக்கோஸ் உப்பையும் கூடவே இழுத்துப் போகிறது, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. ஸ்டீவியாவால் அந்த வேலை நடக்காது, உடம்பில் நீர் ஏறாது. வீட்டில் கலப்பதென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஓ.ஆர்.எஸ். எனப்படும் இந்தக் கரைசலைச் சர்க்கரை நோயாளிக்கும் தேவைப்படும்போது கொடுக்கத்தான் வேண்டும். இப்போதைய பாக்கெட்டில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. கூடவே சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முன்பக்கத்துப் பச்சை இலைப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். ஸ்டீவியா பொடிகளில் பலவற்றில் அளவைக் கூட்டுவதற்காக மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்க்கிறார்கள். அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும். இன்னும் பலவற்றில் எரித்ரிட்டால் இருக்கும். ரத்தத்தில் எரித்ரிட்டால் கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. எரித்ரிட்டால்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் இதய நோய் உள்ளவர்கள் அது இல்லாத பாட்டிலாகப் பார்த்து வாங்குவது நல்லது. திரவத்தில் பெரும்பாலும் தண்ணீர், ஸ்டீவியா, கெடாமலிருக்க ஒரு பதப்படுத்தி, சிலவற்றில் கொஞ்சம் ஆல்கஹால் அல்லது கிளிசரின் இருக்கும். சுக்ரலோஸ் கலந்துவிட்டு ஸ்டீவியா என்று பெரிய எழுத்தில் போடுபவையும் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத பாட்டிலை வாங்கவே வேண்டாம்.