முடி சூடாத செல்வர்கள்

பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் செல்வம் கொழித்த அரண்மனை எது என்று கேட்டால், பாரிஸையும் லண்டனையும் விட்டுப் பர்கண்டி டியூக்குகளின் மாளிகையைத்தான் காட்ட வேண்டும். டியூக் என்பவன் மன்னனுக்குக் கீழ்ப்பட்ட நாட்டுத் தலைவன். கீழ்ப்பட்டவனிடம் மேலவனைவிட மிகுந்த பொருள் சேர்ந்தது எவ்வாறு?

1356இல் புவாத்தியே போர்க்களத்தில் பிரெஞ்சு மன்னன் இரண்டாம் ஜான் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டான். இறுதிவரை தந்தையின் அருகில் நின்ற பதினான்கு வயது இளைய மகன் பிலிப்புக்கு, 1363இல் பர்கண்டி பரிசாகக் கிடைத்தது. திராட்சை விளையும் நல்ல பூமிதான். ஆனால் பெருஞ்செல்வம் திருமணத்தின் வழியே வந்தது. பிலிப் 1369இல் பிளாண்டர்ஸ் நாட்டு வாரிசான மார்கரெட்டை மணந்தான். 1384இல் மாமனார் இறந்ததும் அந்நாடும் அவன் ஆட்சிக்குள் வந்தது. கெண்ட், புரூஜஸ் முதலிய நெசவு நகரங்கள் இருந்தது அங்கேதான். இங்கிலாந்தின் ஆட்டு மயிர் அந்நகரங்களில் ஆடையாகிக் கடல் கடந்து விலைபோயிற்று.

பேரன் ‘நல்ல’ பிலிப் (1419–1467) பிரபாண்டையும் ஹாலந்தையும் லக்ஸம்பர்க்கையும் சேர்த்துக்கொண்டான். ஓவிய மேதை யான் வான் எய்க் அவனிடம் ஊதியம் பெற்றவர். 1454இல் லீல் நகரில் அவன் அளித்த விருந்தில், மாவினால் செய்த பிரமாண்டமான பண்டத்துக்குள் அமர்ந்து இசைவாணர் வாசித்தார்களாம்! துருக்கியர்மேல் சிலுவைப் போர் தொடுப்பதாகச் சபதம் செய்யவே அந்த விருந்து. சபதம் செய்தவன் கடைசிவரை போருக்குப் போகவில்லை.

ஆனால் பொருள் கொடுத்த நகரங்கள் அடிமைகளல்ல. 1447இல் பிலிப் உப்புக்கு வரி கேட்டான், கெண்ட் மறுத்தது. பகை முற்றிப் போராயிற்று. 1453இல் காவர் என்ற இடத்தில் அந்நகரப் படையை அவன் நசுக்கினான். கெண்ட் அதை மறக்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. தெற்கே பர்கண்டி, வடக்கே நெசவு நாடுகள். நடுவே பிறருக்குரிய லொரேன். இவை அனைத்துக்கும் பொதுவாக ஒரு பெயர்கூட இல்லை. ‘இங்குள்ள நாடுகள்’, ‘அங்குள்ள நாடுகள்’ என்றே அரண்மனையார் எழுதினர்! அவற்றை ஒன்றாக்கி மன்னனாக முடி சூட முனைந்தான் பிலிப்பின் மகன், ‘துடுக்கன்’ சார்லஸ். 1473இல் டிரியர் நகரில் அதற்கான பேச்சு நடந்தது. பேரரசர் மூன்றாம் பிரெடரிக்கோ சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுவிட்டார்.

சார்லஸ் வாளை நம்பினான். 1475இல் லொரேனைப் பிடித்தான். மறு ஆண்டு மார்ச்சில் கிரான்சன் களத்தில் சுவிஸ் ஈட்டிப் படையிடம் பீரங்கிகளையும் நகைகளையும் பறிகொடுத்தான். ஜூனில் மோராவில் படையையே இழந்தான். மேலும் பணம் கேட்டபோது வடநாட்டுப் பிரதிநிதிகள் கைவிரித்தனர். 1477 ஜனவரி 5இல் நான்சி நகரருகே அவன் வீழ்ந்தான். உறைபனியில் கிடந்த உடலை இரண்டு நாள் கழித்தே அடையாளம் கண்டனர்.

ஒரே மகள் மேரிக்கு அப்போது வயது பத்தொன்பது. பதினோராம் லூயி பர்கண்டியைக் கைப்பற்றினான். கெண்டில் நகரங்களின் பிரதிநிதிகள் பழைய உரிமைகளை எல்லாம் அவளிடம் எழுதி வாங்கினர். தந்தையின் அமைச்சர் இருவரை, அவள் மன்றாடியும் கேளாமல், கொன்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அவள் ஆஸ்திரிய இளவரசன் மாக்ஸிமிலியனை மணந்தாள். வடநாடுகள் அக்குடும்பத்துக்குச் சென்றன. அவர்களுடைய பேரன் பேரரசன் ஐந்தாம் சார்லஸ், பர்கண்டியை மீட்க முயன்று, 1529இல் அந்த உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டான்.