விற்கும் சொல்லும் விளக்கும் சொல்லும்

'பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுமா?' என்பது நம் நாட்டுப் பழமொழி. மணமுள்ள பூ தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் தாளில் சுற்றிய சோப்பும், பொட்டலத்தில் அடைத்த மாவும் தாமாகப் பேசமாட்டா. அவற்றுக்காக வேறொருவர் பேச வேண்டியுள்ளது. அவ்வாறு பேசுவதற்கென்று எழுதுவோர் இரு வகையினர். ஒருவர் காப்பிரைட்டர் எனப்படும் விளம்பர வாசக எழுத்தாளர். மற்றவர் கன்டென்ட் ரைட்டர் எனப்படும் உள்ளடக்க எழுத்தாளர். இருவர் கையிலும் இருப்பது பேனாதான் எனினும், இருவர் தொழிலும் ஒன்றன்று. சிறு முதலுடன் தொழில் தொடங்கி, ஒருவருக்கு மட்டுமே ஊதியம் கொடுக்க இயன்றவருக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது. ஆகவே அதனை இங்கே சற்று ஆராய்வோம்.

விளம்பர வாசகம் எழுதுபவரின் நோக்கம், படிப்பவரைச் செயலில் இறங்கச் செய்வதாகும். வாங்கச் செய்வது, விலை விசாரிக்கச் செய்வது, கடைக்கு வரச் செய்வது ஆகியவையே அவர் வேலை. 1904-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜான் ஈ. கென்னடி என்ற விளம்பர எழுத்தாளர், விளம்பரம் என்பது அச்சில் செய்யப்படும் விற்பனையே என்று விளக்கினார். கடையில் நிற்கும் நல்ல விற்பனையாளர் வாயால் சொல்வதை இவர் தாளில் சொல்கிறார். சொற்கள் சிலவே, ஆனால் ஒவ்வொன்றும் எடை போட்டு வைக்கப்பட்டவை.

இத்துறையில் பெயர் பெற்ற பெண்மணி பிரான்செஸ் ஜெரிட்டி. பிலடெல்பியாவைச் சேர்ந்த என்.டபிள்யூ. அயர் என்னும் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய இவர், 1947-இல் டி பியர்ஸ் வைர நிறுவனத்துக்காக, வைரம் என்றென்றும் நிலைக்கும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் நான்கே சொற்களை எழுதினார். அட்வர்டைசிங் ஏஜ் என்ற இதழ் 1999-இல் அதனை நூற்றாண்டின் தலைசிறந்த விளம்பர வாசகமாகத் தேர்ந்தெடுத்தது. திருமண நிச்சயத்துக்கு வைர மோதிரமே வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. வைரமும் கரிமத்தின் ஒரு வடிவமே. கடும் வெப்பத்தில் எரிந்துபோகும். இதை விளம்பர வாசகம் சொல்வதில்லை. விளக்கக் கட்டுரை சொல்லியே ஆக வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதிலேயே விளங்கும்.

உள்ளடக்க எழுத்தாளர் விற்பதற்கு முன் கற்பிக்கிறார். பயனுள்ள செய்தியைத் தந்து, நாளடைவில் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார். இதுவும் பழைய வழக்கமே. வேளாண் கருவிகள் செய்யும் ஜான் டீர் நிறுவனம் 1895-இல் உழவர்களுக்காக 'தி பர்ரோ' என்ற இதழைத் தொடங்கியது. பிரான்சில் டயர் செய்த மிஷ்லின் சகோதரர்கள் 1900-இல் ஒரு வழிகாட்டி நூலை இலவசமாக வழங்கினர். அந்நாளில் அந்நாட்டில் இருந்த கார்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. அச்சிட்ட பிரதிகளோ சுமார் 35,000! டயர் மாற்றும் முறை, பெட்ரோல் கிடைக்கும் இடம், தங்கும் விடுதி முதலியவை அதில் இருந்தன. மக்கள் நெடுந்தூரம் பயணம் செய்தால் டயர் தேயும். தேய்ந்தால் புதிது வாங்குவர். கற்பித்தலும் ஈற்றில் வணிகமாகவே முடிந்தது.

அப்படியானால் இருவரில் யாரைத் தேர்வது? மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்போம். முதலாவது, பொருளின் பயன் வாங்குவோருக்கு முன்பே தெரியுமா? தெரியுமெனில் வாசக எழுத்தாளர் போதும். தெரியாதெனில் விளக்குபவர் வேண்டும். இரண்டாவது, பலன் எப்போது தேவை? தீபாவளிக்குள் சரக்கு விற்றாக வேண்டுமெனில் விளம்பர வாசகமே உதவும். பல ஆண்டு நிலைக்கும் நற்பெயர் வேண்டுமெனில் உள்ளடக்கமே உதவும். மூன்றாவது, வெற்றியை எதனால் அளப்போம்? முன்னவரை விற்பனையால் அளக்கலாம். பின்னவரையோ மீண்டும் மீண்டும் தேடி வந்து படிப்போரையும், அவர்கள் கேட்கும் ஐயங்களையும் கொண்டே அளக்க முடியும்.

எடுத்துக்காட்டாக, மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று தினை மாவு தயாரிப்பதாகக் கொள்வோம். அரிசி மாவுக்குப் பழகிய இல்லத்தரசிக்குத் தினையில் என்ன சமைப்பது என்று தெரியாது. அவரிடம் 'இன்றே வாங்குங்கள்' என்று எவ்வளவு அழகாகச் சொன்னாலும் பொட்டலம் அலமாரியிலேயே கிடக்கும். முதலில் தினை மாவுத் தோசைக்குச் செய்முறை எழுதித் தர வேண்டும். அதே குழு மிளகாய்த் தூள் விற்றால் செய்முறை தேவையில்லை. பல தூள்களுக்கு நடுவே இதனை எடுக்கச் சொல்லும் ஒரு நல்ல வரி போதும்.

இருவருக்கும் பொதுவான கடமை ஒன்று உண்டு. அது வாய்மை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர் மீது பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். அபராதத்தைச் செலுத்திவிடலாம், இழந்த நம்பிக்கையை மீட்பது அரிது.

தோழியரே! தமிழைப் பிழையின்றி எழுதத் தெரிந்த பெண்ணுக்கு இவ்விரு துறைகளிலும் வேலை உண்டு. சுருங்கச் சொல்வதில் நமக்கு விருப்பமா, விரித்து விளக்குவதில் விருப்பமா என்று அறிந்து பயின்றால், எழுத்தே நமக்கு நல்லதொரு வாழ்வூதியமாக அமையும்.