காதுக்குள் எத்தனை ஒலிப்பான்கள்?

அமெரிக்காவைச் சேர்ந்த 64 ஆடியோ என்னும் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன்கள் இரண்டை அறிமுகப்படுத்தியது. ஒன்றில் ஒவ்வொரு காதுக்கும் 18 ஒலிப்பான்கள். விலை 2,999 டாலர். மற்றொன்றில் ஒவ்வொரு காதுக்கும் நான்கே ஒலிப்பான்கள். ஆனால் அதன் விலை 3,599 டாலர்!

நாம் கடையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கும் இயர்போனில் பெரும்பாலும் ஒரே ஓர் ஒலிப்பான்தான் இருக்கும். அப்படியானால் ஒலிப்பான்கள் எதற்காகப் பலவாயின? எண்ணிக்கை கூடினால் இசை இனிமையாகுமா? கொடுக்கும் விலைக்கு ஏற்ற பயன் உண்டா? நாம் ஏற்கெனவே படித்துள்ள இயற்பியலே இக்கேள்விகளுக்கு விடை சொல்லும்.

இரு வகை ஒலிப்பான்கள்

மின்னோட்டத்தை ஒலியாக மாற்றும் உறுப்பே ஒலிப்பான். வணிகர்கள் இதை 'டிரைவர்' என்பார்கள். இதில் இரண்டு வகைகள் முக்கியமானவை.

முதல் வகையில் ஒரு காந்தமும், மெல்லிய கம்பிச் சுருளும், சுருளோடு ஒட்டிய அதிர்தகடும் இருக்கும். சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது அது காந்தப்புலத்தில் முன்னும் பின்னும் அசைகிறது. அதிர்தகடும் உடன் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியும் இவ்வாறே இயங்குகிறது.

இரண்டாம் வகைக்குச் 'சமநிலை ஆர்மேச்சர்' என்று பெயர். இங்குச் சுருள் அசைவதில்லை. காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு சிறு இரும்பு நாக்கு நிற்கிறது. சுருளில் மின்னோட்டம் பாயும்போது நாக்கு ஒருமுறை மேல் முனைக்கும் ஒருமுறை கீழ் முனைக்கும் இழுபடுகிறது. அந்த அசைவை ஓர் ஊசி அதிர்தகட்டுக்குக் கொண்டு செல்கிறது. இது ஓர் அரிசி மணியைவிடச் சற்றே பெரியது. செவித்திறன் குறைந்தோர் அணியும் கருவிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

மேடையில் பிறந்த தேவை

ராக் இசை மேடைகளில் பாடகர் தம் குரலைத் தாமே கேட்பதற்காக அவர் காலடியில் ஒலிபெருக்கி வைப்பது வழக்கம். முரசும் கித்தாரும் முழங்க முழங்க அதன் ஒலியையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கலைஞர்களின் செவி கெடுவதற்கு இது ஒரு காரணமாயிற்று. 1995ஆம் ஆண்டில் ஜெர்ரி ஹார்வி என்னும் ஒலிப் பொறியாளர், வான் ஹேலன் இசைக்குழுவின் முரசுக் கலைஞரான அலெக்ஸ் வான் ஹேலனுக்காக, காதுக்குள் பொருந்தும் ஓர் இயர்போனைச் செய்தார். அதில் தாழ்ந்த சுருதிகளுக்கு ஓர் ஆர்மேச்சரும் உயர்ந்த சுருதிகளுக்கு மற்றோர் ஆர்மேச்சரும் இருந்தன.

இந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு. மனிதச் செவி 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். சிறிய ஆர்மேச்சர் ஒன்று இந்த எல்லை முழுவதையும், அதுவும் மேடைக்கு வேண்டிய உரப்பில், பிழையின்றி ஒலிப்பது கடினம். வேலையைப் பகிர்ந்து கொடுத்தால் ஒவ்வொன்றின் சுமையும் குறையும். பிரித்துக் கொடுக்கும் பணியை மின்தேக்கியும் மின்தடையும் செய்கின்றன. உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை மின்தேக்கி எளிதில் விடும். தாழ் அதிர்வெண்ணைத் தடுக்கும் என்பது நாம் அறிந்ததே.

இரண்டு நான்காயிற்று, நான்கு எட்டாயிற்று, பிறகு 18 வரை வந்துவிட்டது.

அறை வேறு, காது வேறு

ஒரு கூடத்தில் வைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியில் பெரிய கூம்பும் சிறிய கூம்பும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாழ்ந்த சுருதியை ஒரு கூடம் முழுவதும் கேட்கச் செய்ய ஏராளமான காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு இன்றியமையாதது. ஆனால் காதை இறுக அடைத்த இயர்போன் தள்ள வேண்டிய காற்று எவ்வளவு? ஏறத்தாழ ஒரு கன சென்டிமீட்டர்தான்!

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 94 டெசிபல் என்பது நல்ல உரத்த ஒலி. அதன் அழுத்த மாற்றம் 1 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ சுமார் ஒரு லட்சம் பாஸ்கல். அடைபட்ட காற்றை வேகமாக அழுத்தும்போது, பருமன் குறையும் விகிதத்தைப்போல் 1.4 மடங்கு விகிதத்தில் அழுத்தம் கூடும். எனவே 1 பாஸ்கல் உயர, பருமன் 1,40,000இல் ஒரு பங்கு குறைந்தால் போதும். ஒரு கன சென்டிமீட்டரில் இது 0.007 கன மில்லிமீட்டர். பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள அதிர்தகட்டின் பரப்பு சுமார் 78 சதுர மில்லிமீட்டர். ஆக, அது அசைய வேண்டிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு! செவிப்பறையும் சற்று நெகிழ்வதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் அசைய வேண்டியிருக்கும். ஆயினும் இது ஓர் ஒலிப்பானுக்குப் பெரிய சுமையன்று.

இதற்குச் சான்றும் உண்டு. எடிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஈஆர்-4 இயர்போனில் காதுக்கு ஒரே ஓர் ஆர்மேச்சர்தான். ஆனால் துல்லியத்துக்குப் பெயர்பெற்று, பல ஆண்டுகள் பிறவற்றை ஒப்பிட உதவும் அளவுகோலாகவே அது விளங்கியது.

கூட்டத்தால் வரும் தொல்லை

ஒலிப்பான்கள் பெருகும்போது புதிய சிக்கலும் வருகிறது. ஒரே அதிர்வெண்ணை இரண்டு ஒலிப்பான்கள் ஒலிக்கும் இடத்தில், ஒன்று காற்றை அழுத்தும் கணத்தில் மற்றொன்று தளர்த்தினால் என்ன ஆகும்? இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அலைகளின் குறுக்கீட்டு விளைவு இதுவே. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 மில்லிமீட்டர். அதில் பாதியான 17 மில்லிமீட்டர் பாதை வேறுபாடு இருந்தாலே அந்தச் சுருதி நலிந்துவிடும். குழாய்களின் நீளத்தையும் மின்தேக்கியின் அளவையும் பார்த்துப் பார்த்து அமைத்தால்தான் இதைத் தவிர்க்கலாம். திறமையான பொறியாளர் தவிர்த்துவிடுவார். மற்றவர் கையில் 12 ஒலிப்பான்களும் 12 தொல்லைகளே.

உண்மையான கலை வேறிடத்தில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒத்ததிர்வுக் காற்றுத் தம்பச் சோதனை செய்திருப்பீர்கள். நம் செவிக்குழலும் ஒருமுனை மூடிய காற்றுத் தம்பமே. நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். அலைநீளம் அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 10 சென்டிமீட்டர். ஆகவே 3,400 ஹெர்ட்ஸ் அளவில் அது ஒத்ததிர்வு கொள்கிறது. பிறந்தது முதல் இந்தச் சுருதிகளை மிகைப்படுத்தியே நாம் கேட்டு வருகிறோம். இயர்போன் செருகியதும் குழலின் வாய் அடைபடுகிறது. பழைய ஒத்ததிர்வு மறைகிறது. இழந்த மிகையை இயர்போனே சரியான அளவில் திருப்பித் தர வேண்டும். குறைந்தால் குரல் மங்கும். கூடினால் காதைக் குத்தும். இந்தச் சுருதிச் சீரமைப்புக்கு அறிவும் அளவைக் கருவியும்தான் வேண்டும். ஒலிப்பான்களின் எண்ணிக்கை அன்று.

அளந்தவர் கண்டது

ஜெரோன் பிரீபார்ட் என்னும் ஆய்வாளர் தலைக்கு அணிபவை, காதுக்குள் செருகுபவை என 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டார். எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு உரப்பாக வருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பு எதையும் அவர் காணவில்லை.

கேட்போர் தீர்ப்பு எப்படி? விலையும் பெயரும் தெரிந்தால் மனம் காதை ஏமாற்றிவிடும். சற்றே உரக்க ஒலிப்பதுகூட 'இதுவே மேல்' என்று தோன்றச் செய்யும். ஆகவே ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 30 வகை இயர்போன்களின் ஒலியமைப்பை அளந்து, அவை அனைத்தையும் ஒரே இயர்போன் வழியாகப் போலச்செய்து 71 பேருக்குக் கேட்கக் கொடுத்தார்கள். காதில் இருப்பது எந்த வகை என்று தொட்டுப் பார்த்தும் அறிய முடியாது. அப்போது பலராலும் விரும்பப்பட்டது சீரான சுருதியமைப்பே.

அப்படியானால் விலை முழுவதும் வீணா? இல்லை. ஒருவரின் காதுக்கு அச்செடுத்துச் செய்யும் கூடு, ஒன்றுக்கொன்று ஒத்த ஒலிப்பான்களைத் தேர்ந்தெடுத்தல், கையால் இணைக்கும் நுண்பணி, குறைந்த எண்ணிக்கையில் விற்பனை, இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. மேடைக் கலைஞருக்கு இவை தேவைப்படலாம். ஆனால் பல மடங்கு விலை கொடுத்தால் பல மடங்கு நல்ல ஒலி கிடைக்கும் என்று எண்ணுவதுதான் தவறு.

செலவில்லாத ஒரு சோதனை

உங்களிடம் ரப்பர் முனையுள்ள இயர்போன் இருந்தால், மிருதங்கமோ தபலாவோ ஒலிக்கும் பாட்டை மெல்லிய ஒலியில் வையுங்கள். முனையைச் சற்றே தளர்த்துங்கள். தொப்பியின் கும்காரம் மறைந்துவிடும். இறுகப் பொருத்தினால் திரும்பி வரும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் சரியாக மூடாவிட்டால் அழுத்தம் ஏறாது அல்லவா? இதுவும் அதுவே. ஒரு லட்ச ரூபாய் இயர்போனும் சரியாகப் பொருந்தாவிட்டால் பயனில்லை. உங்கள் காதுக்கு ஏற்ற அளவு ரப்பர் முனையே முதல் தேவை.

நன்றாகப் பொருந்தினால் இன்னொரு நன்மையும் உண்டு. பேருந்தின் இரைச்சல் உள்ளே வராது. ஒலியைக் கூட்ட வேண்டியதில்லை. (சாலையில் நடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்!) பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த அளவுகோல் கூறுகிறது. சிறுவர்களுக்கு அது 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும். 80 டெசிபலுக்கு 40 மணி என்றால் 89 டெசிபலுக்கு ஐந்தே மணி.

உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் காதுக்குச் சுமார் 15,000 உள்ளன. கெட்டுப்போன இயர்போனுக்குப் பதில் வேறொன்று வாங்கலாம். அழிந்த மயிர்ச்செல் மீண்டும் முளைப்பதில்லை. விலை மதிக்க முடியாத ஒலிக்கருவி நம் காதுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மற்றவை எல்லாம்.