ட்ராப்பரா, ஸ்டாக்மேனா? மடக்குக் கத்தியோட அளவு சொல்ற கதை

மடக்குக் கத்தி வாங்கப் போறவங்க பெரும்பாலும் பிளேடு நீளத்தைத்தான் கேட்கிறாங்க. நான் முதல்ல பார்க்கச் சொல்றது, மடக்கின பிறகு இருக்கிற நீளம். பாக்கெட்ல கிடக்கப் போறது அதுதானே!

அமெரிக்காவோட கேஸ் கம்பெனி கத்திகளை எடுத்துக்குவோம். அவங்க ட்ராப்பர் மடக்கினா சுமார் 10.5 செ.மீ. மீடியம் ஸ்டாக்மேன் சுமார் 9.2 செ.மீ. வித்தியாசம் 13 மி.மீ.தான். ஆனா ஜீன்ஸ் போட்டுக்கிட்டு பைக்ல உட்கார்ந்தா அது நல்லாவே தெரியும்.

அடுத்தது பேட்டர்ன். ட்ராப்பர்ல ரெண்டு நீளமான பிளேடு, ரெண்டும் ஒரே முனையில மடங்கும். கூர்முனை உள்ளது கிளிப், மழுங்கின முனை உள்ளது ஸ்பே. வேட்டையில தோல் உரிக்க ஏற்ற அமைப்பு இது. ஸ்டாக்மேன் கால்நடை வளர்க்கிறவங்களுக்கானது. அதுல கிளிப், ஸ்பே ரெண்டோட ஷீப்ஸ்ஃபுட்னு மூணாவதும் உண்டு. அதோட வெட்டு விளிம்பு நேரா இருக்கும். கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க வசதி.

கேஸ் கத்திகள்ல இருக்கிற எண்ணும் இதைத்தான் சொல்லுது. 6254னா, 6 செதுக்கின எலும்புக் கைப்பிடி, 2 பிளேடு எண்ணிக்கை, 54 பேட்டர்ன். அப்போ 6318ல எத்தனை பிளேடு? மூணு!

ஒரு எச்சரிக்கை. இந்த ரெண்டுலயும் சாதாரணமா லாக் கிடையாது. பிளேடைப் பிடிச்சு வைக்கிறது ஸ்பிரிங் மட்டும்தான். முனையால குத்தி அழுத்தினா பிளேடு உங்க விரல் மேலயே மடங்கிடும். அதனால அறுக்க மட்டும் பயன்படுத்துங்க.

நகரத்து வேலைக்கு என் ஓட்டு ஸ்டாக்மேனுக்கு. ஃப்ளைட் ஏறும்போது மட்டும் கையில எடுத்துட்டுப் போற பையில வைக்காதீங்க, செக்யூரிட்டில எடுத்துடுவாங்க.